பால் காய்ச்சுகிற வரைக்கும்

என் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். இதை நான் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். அவள் செய்தது வேறு. நான் தப்பாகப் புரிந்துகொண்டு உளறிக்கொண்டிருந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, திருத்தாமல், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டை விற்கப் போகிறாள் என்று பெயிண்டருக்குத் தெரியும், கொத்தனாருக்குத் தெரியும், எதிர்வீட்டு இஸ்திரிக்காரருக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டில் குடியிருந்த எனக்குத்தான் தெரியாது. அவள் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வாயில் வருவதெல்லாம் எழுத லாயக்கில்லாத வார்த்தைகள்.

அக்கா பிரான்ஸ்காரி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த மாமாவைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான வருஷமே போனவள். பாரிசுக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் குடித்தனம். இங்கே, உப்பளம் என்கிற பேட்டையில் இருந்த வீடு மாமா வாங்கியது, அக்கா பேரில். அதில் இருந்தது அம்மாவும் நானும். அம்மா அந்த வீட்டில்தான் படுக்கையில் விழுந்தாள், அந்த வீட்டில்தான் போனாள். அதற்குப் பிறகு நான் மட்டும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லையே என்று நான் அழுததும் இல்லை. பகலில் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை, சாயங்காலம் வீடு. வீடு யார் பேரில் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. பிரான்சில் ஆள் இருக்கிற குடும்பங்களில் அப்படித்தான். வாங்கினவர் அங்கே இருப்பார், பெருக்கித் துடைப்பவர் இங்கே இருப்பார், இரண்டு பேருமே ‘நம்ம வீடு’ என்றுதான் சொல்வார்கள்.

மாமா இறந்த மறுவருஷம் ஆவணியில் அக்கா வந்தாள். சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் ஒன்று. வழக்கமாக ஒரு மாசத்துக்கு மேல் தங்க மாட்டாள். இந்த முறை திரும்பிப் போகிற தேதியே சொல்லவில்லை. வந்த அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“அங்க இன்னாடி இருக்கு இனிமே? பசங்க அவங்கவங்க வேலையைப் பாத்துக்கினு போயிட்டாங்க. இந்தக் காத்துல கெடந்தாலே போதும்போல இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா நிரந்தரமாக வந்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் ஆபீசில் எல்லோரிடமும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லியும் விட்டேன். அம்மா போன பிறகு ஒருத்திக்கு உலை வைத்து ஒருத்தியாகவே சாப்பிட்டவளுக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரில் ஒரு ஆள் என்றால் தலைகால் புரியுமா?

அடுத்த வாரமே, “வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணலாம்டி,” என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். எத்தனை வருஷமாக வெறும் சுண்ணாம்பை அடித்துக்கொண்டிருப்பது. வெளிச்சுவருக்கு மஞ்சள், ஓரத்துக்கெல்லாம் வெள்ளை என்று பெயிண்டரிடம் சொன்னாள். பீச் பக்கத்து வெள்ளைக்காரத் தெரு வீடுகளின் நிறம்.

“இன்னாக்கா, கவர்னரு வந்து குடியிருக்கப் போறாரா?” என்று கேட்டேன்.

“யாரு வந்தாலும் பாத்த உடனே புடிக்கணும்டி,” என்றாள்.

பிறகு சாமான்களில் கை வைத்தாள். கதவுக்குப் பின்னால் நான் மடித்து மடித்துச் சேர்த்திருந்த துணிக்கடைப் பைகள், சுவருக்கு ஒன்றாகத் தொங்கிய காலண்டர்கள், டிவி மேல் போட்டிருந்த பூ வேலை செய்த துணி, அம்மாவின் மருந்து டப்பாக்கள், பரணில் இருந்த எவர்சில்வர் அண்டாக்கள் எல்லாம் வாசலுக்குப் போயின. “எடம் தெரியணும்டி, எடம் தெரிஞ்சாத்தான் வீடு பெருசா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். அம்மாவின் கட்டிலுக்கு மட்டும் நான் சண்டை போட்டேன். மூக்கு சிவக்கச் சண்டை போட்டேன். “அம்மா செத்த கட்டில். வர்றவங்க கண்ணுல படற மாதிரி எதுக்கு?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பழைய சாமான்காரர் அதைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தையும் இறக்கினாள். புது ஃபிரேம் போடக் கொடுக்கலாம் என்றாள். பெயிண்டர் அந்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் பட்டி வைத்து இழைத்தார்.

“அதை ஏன்ணே புடுங்குறீங்க? அம்மா படத்தைத் திரும்ப மாட்டணுமே,” என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். “வேற எடத்துல மாட்டிக்கலாம்டி,” என்றாள் அக்கா.

அதுவும் பொய் இல்லை, பாருங்கள். அம்மாவின் படம் இன்றைக்கு வேறு இடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

ஒருநாள் டெம்போவில் தேக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. பிரம்பு பின்னியவை, பழைய காலத்து வேலை. கூடத்தில் வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தி மிதக்கவிட்டாள். எங்கள் வீடா இது என்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதில் காலை மடக்கி உட்கார்ந்தால் மட்டும், “கீறல் படப்போவுது, பாத்து,” என்பாள். அவை வாடகைக்கு வந்த நாற்காலிகள் என்று பின்னால்தான் தெரிந்தது. காரியம் முடிந்ததும் அதே டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் என்னை மக்கு என்று நினைக்கலாம். எங்கள் தெருவில் இருந்திருந்தால் நினைக்க மாட்டீர்கள். பிரான்சிலிருந்து யாராவது வந்து இறங்கினால் அவர்களைத் தேடி ஆட்கள் வருவது இங்கே வழக்கம். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குத் தெரிந்த சென்னைக்காரர்கள் வருவார்கள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள், கிணற்றைப் படம் எடுப்பார்கள். எல்லா அறையையும் திறந்து காட்டி, காபி கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை. வேறு ஊர்க்காரியாக இருந்தால், யார் இவர்கள், படுக்கையறை வரைக்கும் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஆட்கள் வருகிற நாளில் அக்காவின் கட்டளைகள் காலையிலேயே தொடங்கிவிடும். “இன்னிக்கு மீனு வாங்காதே, நாத்தம் நிக்கும்.” “ஜன்னலை எல்லாம் தொற.” “அவங்க உள்ள வர்ற நேரத்துக்கு காபித்தூளைப் போடு, வாசனையா இருக்கட்டும்.” நானும் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தைத் தியாகம் செய்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பார் சாப்பிட்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு சென்னைத் தம்பதி திரும்பவும் வந்தார்கள். “என் சிநேகிதிக்கு வேண்டப்பட்டவங்க,” என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால். சிரித்த முகம். அவள் அக்காவை விட்டுவிட்டு என் பின்னாலேயே சுற்றினாள். நானும் விட்டேனா? கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி, டம்ளரில் கொடுத்து, “குடிச்சுப் பாரும்மா, கடலு பக்கத்துல இருக்குன்னு யாராவது சொல்வாங்களா?” என்றேன். மத்தியானத்துக்கு மேல் ஃபேனே தேவையில்லை என்றேன். அக்கம்பக்கம் தங்கமானவர்கள் என்றேன். “இவ்ளோ வருஷத்துல ஒருநாள்கூட இந்த வீட்டுல எனக்குப் பயமா இருந்ததில்ல, தனியா இருந்தப்பகூட,” என்றேன்.

“மழை பெஞ்சா ஒழுகுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“அந்த மூலையில மட்டும் லேசாக் கசியும்மா,” என்றேன்.

அக்கா இருமினாள். மறுநாளே கொத்தனார் மொட்டைமாடியில் இருந்தார். வருஷக்கணக்காக அந்த ஒழுகலுக்குக் கீழே அன்னக்கூடைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தவள் நான். நான் சொன்னதும் அக்கா உடனே ஆள் விட்டுவிட்டாளே என்று எனக்குப் பெருமை வேறு. அந்த வீட்டை எந்தத் தரகரும் விற்கவில்லை. நான்தான் விற்றேன், காபி கொடுத்து, சிரித்துச் சிரித்து.

கார்த்திகை முடியப் போகிற நேரம். ஒருநாள் சாயங்காலம் அக்கா சொன்னாள்.

“மார்கழி பொறந்துட்டா எதுவும் பண்ண முடியாது. அதுக்குள்ள பால் காய்ச்சிடணும். நாளைக்கு நாள் நல்லா இருக்கு. வாசல்ல பெருசாக் கோலம் போடு.”

எனக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள்; போக வேண்டியவர்கள் கார்த்திகையிலேயே ஒரு நல்ல நாளில் பாலைக் காய்ச்சி வைத்துவிடுவார்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் சாமானை ஏற்றிக்கொண்டு வரலாம். வீட்டையே புதுசாக்கியிருக்கிறோம், அக்காவும் திரும்பி வந்திருக்கிறாள், முறையாக உள்ளே வர ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். கடைக்கு ஓடிப் போய்ப் புதுப் பால் பாத்திரம் வாங்கி வந்தேன். ஊறவைத்த பச்சரிசியை அரைத்து வைத்தேன். விடியற்காலையில் மழை விட்டிருந்தது. வாசலைத் துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்து, மாக்கோலம் போட்டுக் காவி கட்டினேன். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடைவெளி இல்லாத கோலம். நிலைப்படியில் மாவிலை கட்டினேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் அப்படி ஒரு கோலத்தை அதற்கு முன்னாலும் நான் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை.

குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன், கார் வந்து நின்றது. அந்தச் சென்னைத் தம்பதியும், கூட அந்தப் பெண்ணின் மாமியாரும். அக்கா கூப்பிட்டிருக்கிறாள் போல என்று நினைத்து, “வாங்க, வாங்க!” என்றேன். அந்தப் பெண் கையில் ஒரு நிறைகுடம். மாமியார் கையில் தட்டு. தட்டில் உப்பு, மஞ்சள், பால் பாக்கெட், பளபளவென்று ஒரு பித்தளைப் பாத்திரம்.

“எல்லாம் எங்க வீட்டுலயே இருக்கேம்மா, நீங்க ஏன் சொமந்துக்கினு வந்தீங்க?” என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். “புது வீட்டுக்கு நாமதானே ஆன்ட்டி கொண்டுவரணும்!”

“வலது காலை எடுத்து வைம்மா,” என்றார் மாமியார். அவள் என் கோலத்தைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். சமையலறைக்குப் போய், அடுப்பின் மேல் நான் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்த பாத்திரத்தைப் பக்குவமாகக் கீழே இறக்கினாள். “அடுப்பை மட்டும் இன்னிக்குக் கடன் வாங்கிக்கிறோம் ஆன்ட்டி,” என்று தன் பாத்திரத்தை ஏற்றினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். புதுப் பெயிண்ட் அடித்த சுவர். அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கி வழிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

“பெரியவங்க முதல்ல நீங்க குடிங்க ஆன்ட்டி,” என்று அந்தப் பெண் முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது, பாவம். எனக்கு அந்தப் பாலை அவர்கள் காலடியில் கொட்டவேண்டும் போல இருந்தது. கொட்டவில்லை. பால் காய்ச்சின அன்றைக்குப் பாலைக் கொட்டினால் அது வீட்டுக்கே ஆகாது. அம்மா இருந்த வீடு அது. வாங்கிக் குடித்தேன். சர்க்கரை நிறையப் போட்டிருந்தார்கள்.

பிறகு அக்காவைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“எனக்கு எப்பக்கா சொல்றதா இருந்தே?”

“பால் காய்ச்சி முடிச்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அரியாங்குப்பத்துல ஒனக்கு ஒரு வாடகை வீடு பாத்து வெச்சிருக்கேன். ஒருத்திக்குப் போதும். முன்பணம்லாம் குடுத்துட்டேன்.”

“முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒன் வீடு, நீ விக்கிறே. ஒன் கூடப் பொறந்தவ நான், கோர்ட்டுக்கா போயிருப்பேன்?”

“போயிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்க்கா?”

அக்கா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா நீ வந்தவங்ககிட்ட அப்படிச் சிரிச்சிருப்பியாடி? நாலு மாசமா எத்தினி பேரு வந்து பாத்துட்டு வேணாம்னு போனாங்க. இவங்க ஒன்னைப் பாத்துட்டுத்தான் எடுத்தாங்க.”

உள்ளே போனேன். அம்மாவின் படம் பீரோவுக்குப் பின்னால் நியூஸ்பேப்பர் சுற்றி நின்றுகொண்டிருந்தது. ஃபிரேம் போட அது எங்கேயும் போகவே இல்லை. அதை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஈர வாசலில் கோலம் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஓரமாப் போடி, கோலம் அழியப்போவுது!”

நான் நடுவில் மிதித்துக்கொண்டுதான் போனேன்.