நீவிவிட்ட கை

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வலது தாடைக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கழுத்தில் எது வந்தாலும் எங்களுக்குக் காரணம் ஒன்றுதான், கூடைக் கயிறு. நனைந்த கொழுந்தோடு கூடை தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கினால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? அதே பக்கம் கன்னத்துக்குள், வெற்றிலையும் பொயிலையும் அடக்கிவைக்கிற இடத்தில், ஆறாத புண்ணும் இருந்தது. வலிக்கவில்லை என்பதால் அதை நான் சட்டை செய்யவில்லை.

வேலை முடிந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் எண்ணெயைச் சூடாக்கிக் கட்டியை நீவிவிடுவார். அது கரையவில்லை, கல்லாக இறுகியது. சோற்றுக்கு வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். புண்ணில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். கழுத்துக் கட்டியும் அதுதானாம்.

டாக்டரம்மா தமிழ் பேசுகிறவர். எனக்கோ அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. "வாயில உள்ளது கழுத்துக்கு எப்புடிங்க போகும்?" என்றேன்.

"அட்டை கடிச்சிருக்காம்மா?"

"எங்ககிட்டயா கேக்குறீங்க? மழை பேஞ்சா காலு பூரா அதாங்க."

"அந்த மாதிரிதான். புண்ணுல இருந்து பிரியிற செல்லு நெணநீர் வழியா கழுத்துக்கு வந்திருக்கு. ரத்தத்துலயும் கலந்து ஓடும். முக்காவாசி ஓட்டத்துலயே செத்துரும். ஒண்ணு ரெண்டு அட்டை மாதிரி ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, இடுக்குல நுழைஞ்சு வெளிய போயி நுரையீரல்ல வளரும். அங்க போகலைன்னா ஆபரேஷன் செஞ்சு எடுத்துரலாம். அதுக்குத்தான் ஸ்கேன்."

போயிருந்தால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் நீவுனேன்ல, அதுலதான் பிரிஞ்சு போயிருக்குமோ?"

"பேசாம வாங்க" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

முடிவு வரும்வரை நரகம்தான். லேசாக இருமினாலும் நெஞ்சுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்றே தோன்றும். அவர் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். என் பக்கத்தில் உட்காருவதற்கே பயந்தார்.

முடிவு சொல்லும் நாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "டாக்டரம்மா, என் கையாலதானே எல்லாம்?" என்றார்.

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். "கட்டிய நீவக் கூடாதுதான். ஆனா இந்த நோயி உங்க கையால வரலைங்க. வெத்தல பொயிலையால வந்தது. நுரையீரல் சுத்தமா இருக்கு."

நான் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்காரரோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கி அழுதார்.

கன்னத்திலும் கழுத்திலும் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். கரண்டு என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பொயிலையைத் தலைமுழுகிவிட்டேன். அந்த நாட்களில் நான் என் உயிரை நினைத்துப் பயந்தேன், அவர் தன் கையை நினைத்துப் பயந்தார். அந்தப் பயம் அவருக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பது தெரிந்துதான், அரிக்கிறது, இழுக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி, அவர் கையைப் பிடித்து என் கழுத்துத் தழும்பில் வைத்துக்கொள்கிறேன்.