வெள்ளையாக விட்ட இடம்

செல்லக்கனிக்குக் கணக்கு என்றாலே கை கால் உதறும். விளாத்திகுளத்துப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தவள், வல்லம் வடகாலில் செல்போனுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. கேன்டீனில் சாம்பார் தண்ணீராக இருந்தால் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவாள், சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாலும் கவலைப்பட மாட்டாள். அப்பேர்ப்பட்டவள், தபால் வழியில் படித்த பி.காமில் வணிகக் கணிதம் என்ற ஒரே தாளை மட்டும் எழுதுவதும் கோட்டை விடுவதுமாக இருந்தாள்.

அதிலும் அவளைக் குப்புறத் தள்ளியது நேரியல் அசமன்பாடுகள். யாரோ ஒரு பட்டறைக்காரர் நாற்காலியும் மேசையும் செய்கிறார். மரம் இவ்வளவுக்கு மேல் கிடையாது, ஆள் நேரம் இவ்வளவுக்கு மேல் கிடையாது. அவர் எதை எத்தனை செய்யலாம் என்று வரைபடத்தாளில் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தைக் காட்ட வேண்டும். "அவரு செஞ்சா செய்யட்டும், செய்யாட்டிப் போட்டும், எனக்கென்ன வந்துச்சு" என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள்.

அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திறக்க வைத்தவள் மஞ்சுளா. சங்கரன்கோவில்காரி, இவள் வயதுதான். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு அதே கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். விடுதியில் இருவருக்கும் ஒரே கட்டில். ஒருத்தி பகல் ஷிப்டுக்குப் போனதும் இன்னொருத்தி நைட் முடித்து வந்து அதில் படுப்பாள். வார்டன் அந்த ஒரு கட்டிலுக்கு இரண்டு பேரிடமும் முழு வாடகை வாங்கியது தனி வயிற்றெரிச்சல். ஷிப்ட் எப்படி மாறினாலும் இருவரும் ஒன்றாக வந்ததில்லை. ஒருத்தி வேலை முடித்து வந்து, இன்னொருத்தி கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் சாயங்காலம் மட்டும்தான் அவர்களுடையது. முதலில் தலையணையில் ஒட்டியிருந்த எண்ணெய் வாசனைதான் பழக்கம். ஆள் பழக்கமானது அப்புறம்தான். பழகியபின் ஒருத்தி இல்லாமல் ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்க பாருட்டி" என்று மஞ்சுளா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "முதல்ல சமம்னு வச்சுக் கோடு போடு. எக்ஸுக்குச் சைபர் போட்டா ஒரு புள்ளி, ஒய்க்குச் சைபர் போட்டா ஒரு புள்ளி. ரெண்டையும் சேத்து இழு. அம்புட்டுதான்."

"சரி, இழுத்தாச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"எக்ஸ், ஒய் ரெண்டுக்கும் சைபர் போட்டுக் கணக்கைப் பாரு. சரியா வந்தா, சைபர் இருக்க மூலைப் பக்கம் நமக்கு. சரியா வரலியா, மூலை இருக்க பக்கம் வேண்டாம். வேண்டாத பக்கத்தை அடிச்சுக்கிட்டே வா. எல்லாக் கோட்டுக்கும் அடிச்சு முடிச்சபிறகு எது வெள்ளையா மிஞ்சுதோ, அதான் பதிலு."

செல்லக்கனி புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள். "இதுல பதிலுக்குல்லா கலர் அடிச்சிருக்கான்?"

"அவன் புத்தகம் எழுதுதவன். நாம லைன்ல நிக்கவ. நல்ல பீஸ்ல நாம என்னைக்காவது கை வைப்போமா?"

அது செல்லக்கனிக்கு நச்சென்று பதிந்துவிட்டது. மஞ்சுளாவின் மேசையில் பழுதான போர்டு வந்தால் சிவப்பு மார்க்கரால் கோடு கோடாகக் கிழித்துத் தனித் தட்டில் போடுவாள். நல்ல போர்டு ஒரு கீறல்கூடப் படாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். அந்தத் தட்டு இருக்கும் இடத்தைச் சுற்றித் தரையிலும் சிவப்புக் கோடுகள்தான், அதற்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கோடு அடித்திருந்தால் ஆகாது, சுத்தமாக இருந்தால் ஆகும் என்பது அந்தக் கூரைக்கு அடியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே செல்லக்கனிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள், அடித்தாள், நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன இடம் மிஞ்சியது. வந்துவிட்டது! மஞ்சுளாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

அந்தக் கணிதத் தாளில் பாஸாவதை நம்பி ஒரு பெரிய ஆசை இருந்தது. பிளானிங் செக்ஷனில் டிகிரி உள்ள ஆபரேட்டர்கள் இரண்டு பேரை எடுக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். பகல் வேலை மட்டும். மஞ்சுளாவிடம் டிகிரி இருந்தது, செல்லக்கனிக்கு இந்த ஒரு தாள் பாக்கி. இரண்டு பேருக்கும் கிடைத்தால் மண்ணூரில் ரூம் எடுப்பது, ஆளுக்கொரு கட்டில் வாங்குவது, காலையில் ஒரே பஸ்ஸில் போவது என்று பேசிப் பேசிச் சுவர்களுக்குப் பெயின்ட்கூட அடித்து முடித்திருந்தார்கள். மஞ்சுளாவின் அம்மா உலகம்மாள் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "நைட்டு வேலையும் ஆஸ்டலும் போதும். அந்தப் பிள்ளையும் நீயும் பகல் வேலையில ஒண்ணா இருந்தா சரின்னு விடுதேன். இல்லன்னா வந்து சேரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒனக்காகக் காத்துக் கெடக்க மாட்டாவ."

பரீட்சை ஹாலில் செல்லக்கனியின் கை உதறவில்லை. கோடு போட்டாள், சைபரைப் போட்டுப் பார்த்தாள், வேண்டாத பக்கங்களை எல்லாம் பென்சிலால் நெருக்கமாக அடித்தாள். நடுவில் பளிச்சென்று வெள்ளை. அதன்மேல் ஒரு எழுத்து எழுதவில்லை. நல்ல போர்டின் மேல் நல்லது என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா என்ன? வெளியே வந்ததும் மஞ்சுளாவுக்குப் போன் போட்டு, "பெயின்ட்டுக் கலரை மாத்தாத" என்றாள்.

ரிசல்ட்டில் அந்தத் தாள் மறுபடியும் போயிருந்தது.

விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கினாள். ஸ்ரீபெரும்புதூர்ப் படிப்பு மையத்தில் இருந்த நரசிம்மன் அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். உள்ளூர்க்காரர், நல்ல மனுஷன்.

"இன்னாம்மா இது? கோடெல்லாம் கரெக்ட்டா கீது. அடிச்ச பக்கம்தான் தப்பா கீது."

"சார், அடிச்சது வேண்டாததுக்கு. வெள்ளையா விட்ருக்கதுதான் பதிலு."

"அத்த எங்க எழுதிக்கீறே? திருத்தறவருக்கு இன்னாம்மா தெரியும்? அடிச்ச எடம்தான் ஆன்சர்னு நெனச்சிக்கினு போயிருப்பாரு. வெள்ளையா கீறதே தீர்வுன்னு கீழ ஒரு வரி எழுதிருந்தா முழு மார்க்கு. இந்த ஒரு கணக்குலதான்மா போச்சு. மறுக்கா எழுதிக்கோ."

மறுபடி எழுதலாம்தான். ஆனால் பிளானிங் செக்ஷன் காத்திருக்காது, உலகம்மாள் காத்திருக்க மாட்டாள். ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து செல்லக்கனி அழுதாள். முதலில் திருத்தியவர் மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம், மறைப்பானேன், மஞ்சுளா மேலேயே வந்தது. புத்தகத்தில் இருந்தது போலச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? நல்ல பீஸாம், கை வைக்கக்கூடாதாம். போனதும் இந்த நகலை அவள் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் ஒரகடம் வரை வந்தாள்.

அங்கே ஆட்டோ மாறுவதற்கு இறங்கி நின்றபோது மஞ்சுளாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கலியாணம் ஆகி, பிள்ளை பெற்று, எங்கோ ஒரு அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, என்னால்தான் எல்லாம் போயிற்று என்று ஆயுசு முழுக்க அவள் நினைத்துக்கொண்டு இருப்பாளே. செல்லக்கனி அந்த நகலைப் பொடிப்பொடியாகக் கிழித்து டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

விடுதியில் மஞ்சுளா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை பாதி அடுக்கியிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எங்க தப்புன்னு சொன்னாவளா? நான் சொல்லித் தந்ததுல எதும் தப்பாட்டி?"

"ஒன் மேல என்ன தப்பு? நான்தான் பயத்துல கொழப்பிட்டேன். ஒரு கோட்டுக்கு நீ சொன்ன மாரி அடிச்சேன், இன்னொண்ணுக்குப் புத்தகத்துல உள்ள மாரி அடிச்சுட்டேன்."

மஞ்சுளா பையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிறகு கத்தினாள்.

"எத்தனை மட்டம் சொன்னேன்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்னு பீத்துனியே! நம்ம ரெண்டு பேரு வாழ்க்கைல்லா அது? கொஞ்சம் கவனமா இருந்தா என்ன?"

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், பேசாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஊருக்கு அனுப்பி வைக்கச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும்போதும் மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். செங்கல்பட்டு ரயில் வந்து நின்றபோது மட்டும் செல்லக்கனியின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த கையை ரயில்தான் பிரித்தது. கலியாணத்துக்கு லீவு கேட்டுப் பார்த்தாள் செல்லக்கனி, கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் போயிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

கட்டிலுக்கு வேறொரு பெண் வந்தாள். தலையணையில் வேறொரு வாசனை.

செல்லக்கனி அந்தத் தாளை மறுபடி எழுதினாள். இந்தத் தடவையும் மஞ்சுளா சொன்னபடியேதான் வேண்டாத பக்கத்தை அடித்தாள். வேறு மாதிரி அடிக்கக் கை வரவில்லை, மனசும் வரவில்லை. கீழே மட்டும், வெள்ளையாக விட்டுள்ள பகுதியே தீர்வு என்று ஒரு வரி எழுதினாள். பாஸ் ஆகிவிட்டாள். பிளானிங் செக்ஷனில் எப்போதோ ஆள் எடுத்து முடித்திருந்தார்கள்.

சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? மஞ்சுளாவுக்குத்தான் போன் போட்டாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நான் சொல்லித் தந்த மாரியே போட்டியா?"

"அதே மாரிதான்ட்டி."

"பாத்தியா? இதத்தான அன்னைக்கும் சொன்னேன்." குரலில் முதலில் சந்தோஷம்தான் இருந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அன்னைக்கே இப்படிப் போட்டிருந்தா நாம இப்ப மண்ணூர்ல இருந்திருப்போம்லா. இப்படி என்னைய விட்டுட்டியேட்டி."

கீழே எழுதிய அந்த ஒரு வரி செல்லக்கனியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மூச்சை விட்டுக்கொண்டாள்.

"ஆமாட்டி" என்றாள். "நான்தான் விட்டுட்டேன்."