சாய்தளத்தில் நிற்காதவள்

என் மனைவிக்கு வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. நாலு மாடிப் படுக்கை விரிப்புகளும் கடைசியில் அந்த அடித்தளத்துக்குத்தான் வந்து சேரும். துவைத்துப் பிழிந்தவற்றை இரும்புத் தள்ளுவண்டியில் ஏற்றி, நீளமான ஒரு சாய்தளத்தின் வழியாக மேலே உலர்த்தும் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஈரத்துணி வண்டியின் கனம் தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். பாதி வழியில் நின்றுவிட்டால் தீர்ந்தது கதை; மறுபடி கிளப்ப மூன்று பேர் வேண்டும். அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மூச்சு முட்டினாலும் நிக்காத." அங்கே அவளுக்குப் பெயரே 'நிக்காதக்கா' என்று ஆகிவிட்டது.

இந்த நிக்காதக்கா நாலு வருடமாக ஒரே ஆளிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் என் அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஐம்பத்தொரு வயதிலும் வீட்டுக்குள் கழுத்தில் விசிலோடு நடமாடுகிற ரகம். ஊருக்கு வெளியே மலைக்காட்டில் வருடா வருடம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு அவளுக்கு எழுதிவைத்த சொத்து மாதிரி. பரிசு என்று கொடுப்பது ஒரு தகரக் கோப்பையும் ஒரு டார்ச் லைட்டும்தான். அதற்குத்தான் இத்தனை அமர்க்களம். அக்கா வீட்டில் டார்ச் லைட்டுக்குப் பஞ்சமே கிடையாது.

என் மனைவியைப் பந்தயத்துக்கு இழுத்துவிட்டதும் அக்காதான். "சும்மா வாம்மா, துணைக்கு ஒரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டாள். துணைக்குப் போனவள் முதல் வருடம் மூன்று நிமிடம் பின்னால் வந்தாள். அடுத்த வருடம் ஒன்றரை நிமிடம், அப்புறம் நாற்பது விநாடி. போன வருடம் பதினோரு விநாடி. முடிவு அச்சடித்த தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். தினமும் காலையில் உடுப்பு எடுக்கும்போது அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கதவை டமாரென்று சாத்துவாள். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பது வழக்கம்.

இந்த வருடம் சாப்பாட்டு மேஜையில் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இதுதான் எனக்குக் கடைசிப் பந்தயம். முட்டி கேக்க மாட்டேங்குது. அடுத்த வருஷத்துலேர்ந்து நீயே ஜெயிச்சுக்கோம்மா."

அவள் சொன்ன விதம் எனக்கே சுருக்கென்றது. தட்டைக் கழுவப் போன என் மனைவி ஈரக் கையோடு திரும்பி வந்தாள்.

"விட்டுக் குடுத்து எனக்கு வேணாம் அண்ணி. இந்த வருஷமே பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. வேலைக்குச் சைக்கிள், கடைக்குச் சைக்கிள். சலவைக்கூடத்தில் மற்றவர்கள் பங்கு வண்டியையும் தானே தள்ளினாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நானும் மனதார ஆசைப்பட்டேன். அக்கா மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அலமாரிக் கதவோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்தானே.

இங்கே என் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் பிளம்பர். எங்கள் தொழிலில் ஒரு சொட்டு ஒழுகினால் மானம் போயிற்று. அதனால் எதை முடுக்கினாலும், முடுக்கி முடித்த பிறகு இன்னும் ஒரு சுற்று முடுக்கினால்தான் எனக்கு நிம்மதி. பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை இரண்டு சைக்கிளையும் நான்தான் சரிபார்த்தேன். அக்காவும் தன்னுடையதை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தாள். சீட்டுக் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டை இரண்டிலும் முடுக்கினேன். பழக்கதோஷம், இன்னும் ஒரு சுற்று. என் மனைவியின் சைக்கிளில் அந்தக் கடைசிச் சுற்று வழுக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் உள்ளே திருகின் மரை அறுந்து, போல்ட்டுக்குப் பிடிப்பே போயிருந்தது.

பந்தயம் மலையைச் சுற்றி இரண்டு சுற்று. பாதி மலையில் தண்ணீர் கொடுக்கும் மேஜை என் பொறுப்பு. முதல் சுற்றில் அக்கா முன்னால் வந்தாள், டம்ளரைப் பறித்துக்கொண்டு போனாள். அரை நிமிடம் கழித்து என் மனைவி. சீட்டு அடிவரை இறங்கிக் கிடந்தது. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். அவள் நின்றுகொண்டே மிதித்து வந்தாள்.

"நில்லு, நான் பாக்கறேன்!" என்று ஓடினேன்.

"உங்க அக்காவுக்காகப் பண்ணீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வளைவில் மறைந்துவிட்டாள்.

அப்புறம் முக்கால் மணி நேரம் எத்தனை டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், எவ்வளவு மேஜையில் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேஜைக்குச் சற்று மேலே, கற்கள் படிபடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஏற்றம். அங்கே எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். நாலு வருடமும் என் மனைவியும் அப்படித்தான் போனாள். இரண்டாம் சுற்றில் அக்கா வந்தாள், இறங்கினாள், தள்ள ஆரம்பித்தாள். எண்பது அடி பின்னால் இவள். தொடை நடுங்குவது தெரிந்தது. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. டம்ளரை நீட்டினேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏற்றத்தில் அவள் இறங்கவும் இல்லை. தள்ளுவண்டி தள்ளுகிற அதே நிலையில் உடம்பை முன்னால் சாய்த்து, முதல் கல்லில் ஏறினாள். சக்கரம் வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது கல். சீட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பத்தொன்பது வருடமாக எந்த வண்டியை உட்கார்ந்து தள்ளினாள்?

"நிக்காத! நிக்காத!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். அதற்குள் இவள் அவளைத் தாண்டிவிட்டாள்.

மேஜையை அப்படியே போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆறு விநாடி வித்தியாசம், என் மனைவிதான் முன்னால். புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சத்தியமா இல்ல. கூட ஒரு சுத்து முடுக்கிட்டேன். மரை போயிடுச்சு" என்றேன். அது என் காதுக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

"அண்ணி சைக்கிளையும் நீங்கதானே முடுக்கினீங்க? அது மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காதான் பதில் சொன்னாள்.

"அவன் சொல்றது நிஜம்தான்மா. சின்ன வயசுலேர்ந்து இவன் மூடின பாட்டிலை வீட்டுல யாரும் திறந்ததில்ல. இவன் எதுல கை வெச்சாலும் நான் பின்னாடியே போய் ஒரு சுத்து லூஸ் பண்ணிடுவேன். நேத்தும் பண்ணேன். என்னோடத மட்டும்." ஹெல்மெட்டைப் புல்லில் வைத்தாள். "உன்னோடதையும் பாக்கணும்னு தோணுச்சு. பாக்கல."

என் அக்கா தலையைக் குனிந்து பேசி நான் பார்த்தது அன்றுதான்.

என் மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணி, முட்டிய நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க" என்றாள். "அடுத்த வருஷம் நீங்க வந்தே ஆகணும்."

"எதுக்கு? அதான் ஜெயிச்சிட்டியே."

"சீட்டு இருந்தா உங்கள எத்தன நிமிஷ வித்தியாசத்துல ஜெயிப்பேன்னு எனக்குத் தெரியணும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"சரி, வரேன். ஆனா ஒண்ணு, இவன் கிட்டயே வரக்கூடாது. ரெண்டு சைக்கிளையும் நான்தான் முடுக்குவேன்."

"வேணாம் அண்ணி" என்றாள் என் மனைவி. "என்னோடத நானே முடுக்கிக்கறேன்."