பதினேழாம் பள்ளியின் புள்ளடிகள்

மலாவியில் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா என்பது ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் முடிவாகிறது. பிள்ளைகள் மலாவியில் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் அங்கேதான். ஆனால் ஸ்கேனர் இங்கே இருக்கிறதே, என்ன செய்வது?

அந்த ஸ்கேனருக்குத் தாள் ஊட்டுபவர் தேவமலர். வயது ஐம்பத்து மூன்று. சாவகச்சேரியில் பிறந்து, இருபத்தேழு வயதில் ஜெர்மனிக்கு வந்து, பத்தொன்பது வருடம் ஹோட்டல் அறைகளில் படுக்கை விரித்தவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஆறு மாதக் கணினி வகுப்புக்கு அனுப்பியது. வகுப்பு முடிந்து சில காலம் கழித்து இந்த ஆய்வு நிறுவனம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து பார்க்கும் முதல் வேலை. அதுவும் சுழலும் நாற்காலி. முதல் நாள் வீட்டுக்குப் போய்க் கணவர் யூட்டிடம் நாற்காலியைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்.

அந்த இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, கைகுலுக்கி அனுப்புவதா என்று ஆய்வை நடத்தும் பேராசிரியை வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினேழாம் பள்ளி பூச்சியம் வாங்கியது.

இருபத்தெட்டுப் பள்ளிகளில் அது ஒன்று. நாற்பத்து மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இருபது கேள்வி, கேள்விக்கு நான்கு பெட்டி. எல்லாருக்கும் பூச்சியம். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே இருபதில் ஐந்து விடையாவது சரியாக வரும். இவ்வளவு கச்சிதமாகத் தோற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

கூட்டம் கூடியது. பசி காரணம் என்றார் ஒரு முனைவர். கேள்விகளின் மொழி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் பழைய கட்டுரையில் இதை முன்பே சொல்லியிருப்பதாக நினைவூட்டினார். பேராசிரியை மட்டும் ஸ்கேனர் அறைப் பக்கம் பார்த்தார். ஸ்கேனர் நிரந்தரம், தேவமலர் தற்காலிகம். பிழை யாருடையது என்று தீர்மானிக்க அந்த ஆதாரம் போதுமானதாக இருந்தது.

தரவுகளுக்குப் பொறுப்பான சுதீர், கோவில்பட்டியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவர், சங்கடத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஷீட்டைத் தலைகீழா விட்டுட்டீங்களா?"

"தம்பி, ஆயிரத்துச் சொச்சம் தாள் விட்டனான். அதில நாப்பத்து மூண்டை மட்டும் தேடித் தேடித் தலைகீழா விட எனக்கென்ன விசரோ?"

"இல்லக்கா, ப்ரொஃபசர் செக் பண்ணச் சொன்னாங்க."

"அவ செக் பண்ணச் சொன்னது மெசினை இல்லை, என்னை."

புதன்கிழமை இரண்டு தடவை மறுபடியும் விட்டுப் பார்த்தார்கள். பூச்சியம் அசையவில்லை. அன்று இரவு தேவமலர் ஒரே குழம்பை மூன்று தடவை சூடாக்கினார். நாற்காலி போகப்போகிறது என்பது யூட்டுக்குத் தானாகவே விளங்கியது.

வியாழன் காலை தேவமலர் கணினியை நம்புவதை விட்டார். நிலவறைக்குப் போய்ப் பதினேழாம் பள்ளியின் பெட்டியை அங்கேயே திறந்து, தாள்களைத் தன் கண்ணால் பார்த்தார். பென்சிலில் பெருக்கல் குறி போலப் போட்ட அழகான புள்ளடிகள். ஒரு கேள்விக்கு மூன்று. நான்கு பெட்டிகளில் மூன்றை வெட்டி, ஒன்றை வெள்ளையாக விட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் அப்படியே. ஒரு கேள்விக்கு மூன்று விடை சொன்னால் ஸ்கேனர் என்ன செய்யும்? செல்லாது என்று பூச்சியம் போடும்.

தேவமலர் நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தப் பிழையை அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதைச் செய்தவரே அவர்தான்.

ஜெர்மனியில் எந்தப் படிவத்திலும், எந்தச் சோதனைத் தாளிலும், வேண்டியதைப் புள்ளடி போட்டுத் தெரிவு செய்யவேண்டும். தேவமலர் வளர்ந்த இடத்துப் படிவங்களில் 'பொருத்தமற்றதை வெட்டிவிடுக' என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் புள்ளடி விழுவது பிழை விடைக்கு. (வாக்குச் சீட்டில் விரும்பியவருக்குப் புள்ளடி போடுவார்களே என்று கேட்கலாம். அங்கே யாரைத் தெரிவு செய்தாலும் பிழைதான், ஆகவே முரண்பாடு இல்லை.) எனவே வந்த முதல் மாதம், பதிவு அலுவலகப் படிவத்தில், அடிமட்டக் கோல் வைத்து மூன்று பெட்டிகளை நேர்த்தியாக வெட்டினார்: மணமாகாதவர், விதவை, விவாகரத்தானவர். 'மணமானவர்' என்ற பெட்டியைப் பத்திரமாக வெள்ளையாக விட்டார்.

இரண்டு வாரத்தில் அலுவலகம் யூட்டைக் கூப்பிட்டது. உங்கள் மனைவி தான் கன்னி, விதவை, விவாகரத்தானவர் என்று மூன்றையும் அறிவித்திருக்கிறார், அப்படியானால் நீங்கள் யார் என்று அலுவலர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

இருபத்தாறு வருடமாக அந்தக் கதை வீட்டுச் சுவருக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்குள் அதற்கு ஓய்வே இல்லை. குப்பை கொண்டுபோய்ப் போடச் சொன்னால்கூட யூட், "நான் செத்த ஆளெல்லோ, எனக்கேன் சொல்லுறீர்?" என்பார். இப்போது அதைப் பேராசிரியை முன்னால், முனைவர்கள் முன்னால், ஜெர்மனில் சொல்லவேண்டும்.

முதலில் சுதீரிடம் சொன்னார். அவர் சிரிப்பை விழுங்கியது தெரிந்தது.

"அக்கா, உங்க கதை சூப்பர். ஆனா ப்ரூஃப் வேணும். வாத்தியாருக்கே போன் போடுவோம்."

வாட்ஸப்பில் மலாவி ஆசிரியர் கிடைத்தார். பின்னால் கோழி கூவியது. சோதனை நாளில் ஆராய்ச்சி உதவியாளர் மழையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாராம், அதனால் அறிவுறுத்தலைத் தானே வாசித்து நடத்தினாராம். மற்றப் பள்ளிகளில் உதவியாளர் கரும்பலகையில் ஒரு மாதிரி போட்டுக் காட்டியிருந்தார். இங்கே மாதிரி இல்லை.

"புள்ளடி போடச் சொல்லியிருந்தது, சரி," என்றார் ஆசிரியர் ஆங்கிலத்தில். "சரியான விடைக்குப் போய் எந்தப் பிள்ளை புள்ளடி போடும்? ஜெர்மன்காரர் கவனமானவர்கள், பிழைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஆளுக்கு அறுபது புள்ளடி, ஐயா. பிள்ளைகள் களைத்துப்போனார்கள்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தேவமலர் எழுந்து நின்று, தாள்களை விரித்துக் காட்டி, ஆசிரியர் சொன்னதைச் சொன்னார். பேராசிரியையின் புருவம் இறங்கவில்லை. இப்படியும் ஒருவர் விளங்கிக்கொள்வாரா என்று கேட்டார்.

"விளங்கிக்கொள்வார்," என்றார் தேவமலர். "நான் அப்படித்தான் விதவையானேன்."

பிறகு முழுக் கதையையும் சொன்னார். முதலில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்தார், அதன் பிறகு அந்த மேசையில் ஒழுங்கு நிற்கவில்லை.

சுதீர் வெள்ளைப் பெட்டியை விடையாக எடுக்கும்படி கணினிக்குச் சொன்னார். பதினேழாம் பள்ளி இருபத்தெட்டில் ஆறாவதாக வந்தது. பசி என்று சொன்ன முனைவர் இப்போது அந்தப் பள்ளி ஏன் இவ்வளவு நன்றாகச் செய்தது என்று ஒரு கட்டுரை எழுதுகிறார். அதற்கும் அவரிடம் காரணம் இருக்கிறது.

அன்று மத்தியானம் நிரந்தர ஒப்பந்தம் வந்தது. கூடவே ஊழியர் விவரம் கேட்கும் ஆளணிப் படிவம் ஒன்று. இரண்டாவது பக்கத்தில், விதவை உட்பட, அதே நான்கு பெட்டிகள். தேவமலர் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்கு அழைத்தார்.

"இஞ்சேருங்கோ, நிரந்தரமாக்கிப் போட்டினம்."

மறுபக்கத்தில் ஒரு பெரிய மூச்சு கேட்டது. "அந்தச் சுத்துற கதிரையும் உமக்குத்தானோ?"

"ஓம், கதிரையும். இப்ப ஃபோர்ம் நிரப்பிறன்."

"கடவுளே. வடிவாப் பாத்துப் போடும். போனமுறை என்னை முடிச்சுப் போட்டீர்."

"ஒண்டே ஒண்டுதான் போட்டனான். உங்கட பெட்டியில."

"அப்ப நான் உயிரோட இருக்கிறன்?"

"ஓம். ரெண்டாம் பக்கத்தில."

"நல்லது. வரேக்க கீழ பேக்கரியில ஏதும் வாங்கிக்கொண்டு வாரும். ரெண்டு நாளாச் சமையலில உப்பில்லை. செத்தவனெண்டு பேசாமத் திண்டனான்."