தாடை மேலே, நெற்றி கீழே

பாலக்கரை பிலோமின்ராஜ் வாய்விட்டுச் சிரித்தால், பக்கத்தில் யாரோ அழுகிறார்கள் என்று அர்த்தம். ரேடியோ ரிப்பேர்க்காரன். எண்பத்தெட்டில் திருச்சிப் பொருட்காட்சியில் கம்ப்யூட்டர் போட்டோ கடை போட்டான். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், திரையில் முகம் வரும். பிரிண்டர் போடும் சத்தத்தில் மலைக்கோட்டைப் பிள்ளையாரே காதைப் பொத்திக்கொள்வார்.

மேலப்புதூர் பேட்ரிசியாவுக்கு அவனை மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். "கைவேலை இருக்கு, சரி. மனசு எப்படின்னு நீயே பாத்துட்டு வா" என்று அவள் தாய் வியாகுலம்மாள் அனுப்பிவைத்தாள்.

பேட்ரிசியாவைக் கண்டதும் பிலோமினுக்கு வித்தையெல்லாம் நாக்கில் வந்து நின்றது.

"கேமரா முகத்த மொத்தமா அனுப்பாதுங்க. மேலேருந்து கீழே வரி வரியாத்தான் அனுப்பும். ஒரு வரி முடிஞ்சா ஒரு சிக்னல், படம் முடிஞ்சா வேற சிக்னல். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கார்டுக்குக் கண்ணு கிடையாது. 'புதுப் படம்'னு சிக்னல் வந்தாத்தான் அடுத்த வரிய நெத்தின்னு வச்சிக்கும்."

"வரலேன்னா?"

பிலோமின் மேசைக்கு அடியில் ஒரு பொத்தானைக் காட்டினான். படம் முடிந்த சிக்னல் வரும் ஒயரில் அவனே வைத்தது. அழுத்தினால் சிக்னல் அறுந்துவிடும். கார்டு நடுவழியில் விழித்து, வாயிலிருந்து படத்தைத் தொடங்கும்.

அந்த நேரம் பார்த்து முசிறி அமிர்தம் வந்து உட்கார்ந்தாள். வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"தம்பி, வாய் கொஞ்சம் நேரா தெரியற மாதிரி எடுத்துடுங்க. பையன் துபாய்ல இருக்கான், பயந்துடுவான்."

"அதுக்கென்ன, நேராக்கிடலாம்" என்று பிலோமின் பொத்தானை அழுத்தினான்.

தாளில் வாயும் தாடையும் உச்சியில் இருந்தன. அதற்குக் கீழே நெற்றி, கண், மூக்கு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மிஷின் பொய் சொல்லாதும்மா. உள்ளத உள்ளபடிதான் காட்டும்."

அமிர்தம் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முசிறி பஸ்ஸுக்கு நடந்தாள்.

பேட்ரிசியாவும் சிரித்தாள், எல்லோரையும்விடச் சத்தமாக. பிலோமினுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"நீங்க உக்காருங்க. அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் வேணும், நானே எடுக்கறேன்."

அவன் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தான். பேட்ரிசியாவின் விரல் மேசைக்கு அடியில் போனது.

அன்று சாயங்காலம் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிய வியாகுலம்மாள், "இதுல எந்தப் பக்கம்டி மேலே?" என்றாள்.

"மனசு எப்படின்னு கேட்டியே, இதான்."

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. பேட்ரிசியா அதேபோல் இன்னொரு பிரதி எடுத்துக் கடை வாசலிலேயே ஒட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். பிறகு பாலக்கரையில் எந்த வீட்டு டி.வி.யில் படம் மேலும் கீழுமாக உருண்டாலும், "பிலோமின் வந்துட்டான்டா!" என்று தெருவே கத்தியது. அதைச் சரிசெய்யவும் அவன்தான் போகவேண்டியிருந்தது.

அமிர்தம் அதற்குப் பிறகு கேமரா முன் உட்காரவேயில்லை. மறுவருஷம் செத்துப்போனாள். மாலை போட ஒரு படம் தேடிய மகனுக்கு, டிரங்குப் பெட்டியில் அந்த மடித்த தாள்தான் கிடைத்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன், தாடை முடிந்து நெற்றி தொடங்கும் இடத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினான். மேல் துண்டைக் கீழே வைத்து ஒட்டினான்.

அமிர்தம் முழுசாக இருந்தாள். வாய் மட்டும் கொஞ்சம் இழுத்திருந்தது. அதைப் பார்த்து அவன் பயப்படவில்லை.