காசி வரை பின் சீட்டில்

கீரப்பாளையம் மிராசு மாணிக்கவேல் ஊருக்குக் கொடுத்த கங்கைத் தண்ணீர், கெடிலம் ஆற்றுத் தண்ணீர்.

இன்று காலை அவர் இறந்துவிட்டார். வயதாகித்தான் போனார்... நிம்மதியாக, தூக்கத்திலேயே.

காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோதான். அறுபதுகளில் வாங்கிய கார், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி மிராசு.

"அந்தக் காலத்திலேயே காசிக்குக் காரோட்டிப் போன எங்கள் தாத்தா. ரோடு ட்ரிப்பின் ராஜா" என்று பேரன் எழுதியிருக்கிறான். கீழே இதயமாகக் கொட்டுகிறது. லாங் டிரைவ் போனால் மனசு விரியும் என்று நாலு பேர் தத்துவம் வேறு.

அவர் ஒரு மைல்கூட ஓட்டியதில்லை. அந்த போட்டோவுக்காக சீட்டை விட்டு இறங்கிக் கொடுத்தவர் அவருடைய டிரைவர் கோதண்டம். என் அப்பா. நான் கடைசிப் பிள்ளை.

காசி வரைக்கும் மிராசு பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சத்திரம் வந்தால் அவர்கள் உள்ளே இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அப்பாவுக்குப் பொட்டலம் வெளியே வரும். பானெட்டின் மேல் வைத்துச் சாப்பிடுவார்.

இருந்தும் அப்பாவுக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது. "நாக்பூர் பக்கம் ரோடு நேரா கெடக்கும்டா. வண்டி நம்ம பேச்ச கேக்கும். அவுங்க தூங்குற வரைக்கும் வண்டி என்னுது" என்பார்.

ரோடு ட்ரிப்பைப் பற்றி இதைவிட யோக்கியமாக எந்த இன்ஸ்டாகிராம்காரனும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது அந்த நேர் ரோட்டில்தான் ரேடியேட்டர் கொதித்தது. அதற்கென்று அப்பா வைத்திருந்த டின் தண்ணீரைக் காலையில்தான் மிராசு தலையில் ஊற்றிக் குளித்திருந்தார். பூஜை செய்ய வேண்டுமாம்.

பொட்டல் வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் கிணறில்லை. அந்த அம்மா மயங்கிச் சாய்ந்துவிட்டார்.

காரில் மிச்சமிருந்தது, ஈயம் வைத்து அடைத்த கங்கைச் செம்புகள்தான்.

"தொட்டா கைய ஒடச்சிடுவேன்" என்றாராம் மிராசு. கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா சொன்னாராம்: "ஊத்து கோதண்டம். நான் செத்துட்டா அந்தத் தண்ணிய எனக்குத்தான் ஊத்துவாரு."

அப்பா ஸ்குரூ டிரைவரால் ஈயத்தைப் பெயர்த்து ரேடியேட்டரில் ஊற்றினார். வண்டி கிளம்பியது. அந்த அம்மா பிழைத்தார்.

கடலூர் வந்ததும் மிராசு வண்டியைத் தேவநாத சாமி கோயில் இருக்கும் திருவந்திபுரத்துக்கு விடச் சொன்னார். கெடிலத்தில் இறங்கி எல்லாச் செம்பையும் நிரப்பச் செய்தார். மஞ்சக்குப்பத்தில் ஒரு பாத்திரக்காரர் மறுபடி ஈயம் வைத்தார். அவ்வளவுதான்... கங்கை தயார்.

காசிக்குப் போய் வந்தவர் வீட்டில் சாப்பாடு போட்டு, கங்கைச் செம்பை உடைத்து ஊருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, கெடிலம்னே சொல்லிடலாமே. அதுவும் தேவநாத சாமி தண்ணிதான?"

அன்றே வேலை போனது.

டிரைவர் வேறு வீட்டுக்குத் தாவிவிடாமல் இருக்க, அவன் லைசென்ஸை முதலாளியே வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்வது அப்போது வழக்கம். அப்பாவின் லைசென்ஸ் திரும்பி வரவேயில்லை. தொலைந்துவிட்டதாக எழுதித் தரச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போனால், "மிராசு வீட்டுல இருக்குறத எப்புடிடா தொலஞ்சிதுன்னு எழுதுறது?" என்று சிரித்தார்களாம்.

கார் வைத்திருந்த மற்ற வீடுகளுக்கு, 'கங்கையைத் தீட்டாக்கினவன்' என்று மிராசே சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அப்பா கடலூர் ஓல்டு டவுனில் கைவண்டி இழுத்தார். மூட்டை, மீன், ஐஸ்... எது கிடைத்தாலும்.

ஊர் அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக் குடித்தது. எங்கள் தெருவுக்கு அந்தக் கெடிலத் தண்ணீர்கூட வரவில்லை.

பல வருஷம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட் போடப் போயிருந்தேன். மிராசு இளவட்டங்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை விட்டுக்கொண்டிருந்தார். "காசி வரைக்கும் நானேதான் ஓட்டுனேன், மாப்ள!"

"மலையில ஏறும்போது எந்த கியர் போடுவீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் டிரைவர் பாத்துக்குவான்."

ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. அத்தனை பயம்... இல்லை, அத்தனை விசுவாசம்.

போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்கே போய் லைசென்ஸைக் கேட்டேன்.

"கோதண்டம் மவனா? இன்னும் இருக்கானா அவன்?"

"இருக்காரு."

"பீரோவுல கெடக்கும். அவனுக்கு வாய் ஜாஸ்தி, அதான் வச்சிக்கிட்டேன்."

"இத்தன வருசமா வெளிய ஒரு வார்த்த பேசலியே ஐயா."

"வச்சிருக்கேன்... அதான் பேசல" என்று பல்லில்லாமல் சிரித்தார்.

இன்று செய்தி சொன்னதும் அப்பா கேட்டார்: "பீரோ சாவி இப்ப யாருகிட்ட இருக்கும்?"

"அத வச்சி என்னப்பா பண்ணப்போற? கண்ணே தெரியல ஒனக்கு."

"ஓட்டவாடா கேக்குறேன்? என்னுதுடா அது."

பேரனின் பதிவுக்குக் கீழே லைசென்ஸைக் கேட்டுவிட்டேன். எல்லாக் கமெண்டுக்கும் கைகூப்பி நன்றி போடுகிறான். என்னுடையதை மட்டும் தாண்டிப் போய்விட்டான்.

போய் வாருங்கள் மிராசு. நாளைக்கு அமரர் ஊர்தியிலும் பின்னால்தான் படுத்திருப்பீர்கள். வழக்கம்போல இன்னொருவன் ஓட்டுவான். அவன் லைசென்ஸாவது அவன் பையில் இருக்கட்டும்.

தம்பி, மறுபடியும் கேட்கிறேன். பீரோவைத் திற. என் அப்பாவின் லைசென்ஸை எடுத்துக் கொடு.