இருபத்தாறு எழுத்தையும் அள்ளிக் கொடுத்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெருவே வைத்த பெயர் 'ஆகட்டும்'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் ஆகட்டும். அதைத் தூக்கிவந்து பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாலும் ஆகட்டும்.

ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன நிரல் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றும் நிரல். அதன் பெயரைத் தட்டி, ஒரு சிறு கோடு போட்டு, ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் அந்த எழுத்துக்குரிய வேலையைச் செய்யும். முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு எழுத்து கேட்டு வந்தார்கள். பெயர்களைத் தலைகீழாக்க ஒருவருக்கு 'ஆர்' வேண்டும். பாட்டுகளின் வரிசையைக் குலுக்கிப் போட இன்னொருவருக்கு 'எஸ்'. வேலை முடிந்ததும் மணியடிக்க 'பி' வேண்டுமாம் ஒருவருக்கு. அதற்கும் ஆகட்டும்! இருபத்தாறு எழுத்தும் தீர்ந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நிரலைப் பயன்படுத்துகிறவர்களில் அவர் கண்ணால் கண்ட ஒரே ஆள் அவருடைய தங்கை. ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஒரு கல்யாணத்தின் படங்களைத் தேதிவாரியாக அடுக்க 'டி' தட்டப் போனவளின் விரல், பக்கத்து 'எஸ்' மேல் விழுந்தது. வேறு நிரலாக இருந்தால் அப்படியோர் எழுத்தே கிடையாது என்று நின்றிருக்கும். இதற்குத்தான் இல்லை என்று சொல்லவே வராதே! அவசரத்தில் பார்க்காமல் ஆல்பமும் போட்டுக் கொடுத்துவிட்டாள். முதல் பக்கத்தில் பெண்ணின் மாமா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில்தான் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஸ்டூடியோ பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஆல்பத்தை மேசையில் வீசிவிட்டுப் போனார்கள் கல்யாண வீட்டார்.

தங்கை நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் நல்லவனா இருந்து என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே அண்ணா! அந்த எஸ்ஸ எடுத்துடு. இல்லன்னா இந்தக் கண்றாவிய இனிமே நான் தொடமாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. 'எஸ்' எழுத்தை நீக்குவதாக அப்போதே இணையத்தில் எழுதிப் போட்டார். போட்ட சூட்டோடு, பாட்டுகளைக் குலுக்க அந்த எழுத்தைக் கேட்டு வாங்கியவர் பதில் எழுதினார்: "எனக்கு மட்டுமாவது விட்டு வைங்களேன்."

பழக்கதோஷம், 'ஆகட்' வரை தட்டிவிட்டார். தங்கை முறைத்தாள். அதை அழித்தார். வேர்த்து விறுவிறுத்து, "முடியாது" என்று எழுதி அனுப்பினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் ருசியாகவும் இருந்தது.

தங்கை முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! சரி, அந்த எஸ் இப்ப சும்மாதானே கெடக்கு? படத்துல எல்லாம் என் ஸ்டூடியோ பேரு விழற மாதிரி பண்ணி எனக்குக் குடுத்துடேன்."

"முடியாது," என்றார் அண்ணன்.